சாயங்காலம் ஆறு மணிக்கு என்ன செய்வது?

துணை ஊரில் இல்லாத நாட்களைப் பற்றி அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கத்து வாசகர்கள் கேட்டவையும் அவற்றுக்கான பதில்களும்.

கணவர் சி.ஆர்.பி.எஃப்.பில் இருக்கிறார். இப்போது சத்தீஸ்கரில் பணி. லீவு கிடைக்க மாதங்கள் ஆகும். பகல் எப்படியோ ஓடிவிடுகிறது. பையன் டியூஷனுக்குப் போனதும் வீடு வெறிச்சோடிப் போகிறது. சுலபமாக ஒரு பொழுதுபோக்கு சொல்லுங்களேன்.
வாசகி, ஆவடி

சகோதரி, உங்களுக்குப் பகலில் ஒரு குறையும் இல்லை. ஆறிலிருந்து எட்டு வரைதான் சிக்கல். பொழுதுபோக்கு தேடுகிற பலர் நாள் முழுவதையும் நிரப்ப எதையோ பெரிதாகத் தேடுகிறார்கள், அது கைக்கு வசப்படாமல் விட்டுவிடுகிறார்கள். உங்களுக்கு வேண்டியது இரண்டு மணி நேரத்துக்கு ஒரு வேலை. குரோஷா பின்னிப் பாருங்கள்.

ஒரு கொக்கி ஊசி, ஒரு நூல்கண்டு, அவ்வளவுதான் மூலதனம். நூல் முனையில் ஒரு சுருக்கு போட்டு ஊசியில் மாட்டுங்கள். நூலை ஊசிமேல் ஒருமுறை சுற்றி, கொக்கியால் பிடித்து, சுருக்குக்குள்ளே இழுங்கள். ஒரு கண்ணி ஆயிற்று. அதையே திரும்பத் திரும்பச் செய்தால் சங்கிலி. அந்தச் சங்கிலியின் கண்ணிகளுக்குள் ஊசியை விட்டு நூலை இழுக்கப் பழகிவிட்டால், கைக்குட்டை ஓரத்திலிருந்து போர்வை வரைக்கும் எல்லாம் அந்தக் கையசைவுதான். முதல் நாள் ஒரு கண்ணி பெரிதாகவும் அடுத்தது சிறிதாகவும் வரும். நூலை இடது ஆள்காட்டி விரலில் ஒரு சுற்று சுற்றிப் பிடியுங்கள், இழுவை சீராகிவிடும். வெளிர் நிற நூலில் தொடங்குங்கள். கறுப்பிலும் கருநீலத்திலும் கண்ணி எங்கே இருக்கிறதென்றே தெரியாது. ஊசி 4 மில்லிமீட்டர் அளவில் இருந்தால் புதிய கைக்கு வசதி.

இதை நான் உங்களுக்குக் குறிப்பாகச் சொல்வதற்குக் காரணம் போன். அவர் எப்போது அழைப்பார் என்று உங்களுக்குத் தெரியாது. சிக்னல் கிடைக்கிற இடத்துக்கு அவர் வந்தாக வேண்டும். அடுப்பில் பலகாரம் வேகும்போது அழைப்பு வந்தால் ஒன்று கருகும், இல்லை பேச்சு அரைகுறையாகும். குரோஷாவை எந்தக் கண்ணியிலும் நிறுத்தலாம். கடைசிக் கண்ணியைக் கொஞ்சம் நீளமாக இழுத்துவிட்டு எழுந்து போனால், அரை மணி கழித்து வந்தாலும் அப்படியே இருக்கும். ஸ்பீக்கரில் பேசிக்கொண்டே பின்னவும் முடியும்.

தனியாக உட்கார்ந்து செய்கிற வேலைதான். ஆனால் ஊர் சேர்ந்தால் அது எங்கே போய் நிற்கும் என்பதைச் சென்னையே காட்டியிருக்கிறது. 2016 ஜனவரி 31 அன்று 'மதர் இந்தியாஸ் குரோஷே குவீன்ஸ்' குழுவினர் சென்னையில் ஒரு போர்வையை விரித்தார்கள். 11,148.5 சதுர மீட்டர். உலகத்திலேயே பெரிய குரோஷா போர்வை என்று கின்னஸில் பதிவானது. அவரவர் வீட்டில், அவரவர் சாயங்காலங்களில் பின்னிய சதுரங்களை இணைத்து உண்டானது அது. நீங்கள் ஒரே ஒரு சதுரத்தில் தொடங்குங்கள்.

மனைவி ஊரில் இல்லை. நான் டி.வி. பார்க்கிறேன். அது பொழுதுபோக்கு ஆகாதா?
வாசகர், அம்பத்தூர் ஓ.டி.

ஏன் ஆகாது? "நேற்று என்ன பார்த்தீர்கள்?" என்று அவர் போனில் கேட்கும்போது உங்களால் ஆசையாக ஐந்து நிமிடம் சொல்ல முடிந்தால் அது நல்ல பொழுதுபோக்கு. யோசித்தும் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை என்றால், பொழுது மட்டும்தான் போயிருக்கிறது.

எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் லேத் ஆபரேட்டர். மனைவி தலைப்பிரசவத்துக்கு வந்தவாசியில் அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறாள். எனக்கு ஷிப்ட் வாரத்துக்கு வாரம் மாறும். ரூமுக்கு வந்தால் உடம்பில் தெம்பில்லை. ஒரு நிமிஷத்துக்கு மேல் கேட்காத பொழுதுபோக்கு இருக்கிறதா?
வாசகர், அம்பத்தூர்

இருக்கிறது தம்பி. முதல் நாள் மட்டும் அரை மணி. பிறகு தினம் ஒரு நிமிடம். எலுமிச்சை ஊறுகாய் போடுங்கள்.

மஞ்சளாகப் பழுத்த, தோல் மெல்லிய எலுமிச்சையாக இருபது வாங்குங்கள். கழுவி, துணியால் ஈரம் போகத் துடைத்து, ஒவ்வொன்றையும் எட்டாக நறுக்குங்கள். கத்தி, பலகை, கை மூன்றிலும் ஒரு சொட்டுத் தண்ணீர் இருக்கக் கூடாது. பூசணம் பிடிப்பதற்கு அந்த ஒரு சொட்டு போதும். கல் உப்பும் கொஞ்சம் மஞ்சள்தூளும் போட்டுப் பிசறி, கண்ணாடி பாட்டிலிலோ பீங்கான் ஜாடியிலோ போட்டு மூடுங்கள். எவர்சில்வர் டப்பா வேண்டாம், புளிப்பும் உப்பும் சேர்ந்து உலோகத்தை அரிக்கும். அப்புறம் உங்கள் வேலை ஒன்றே ஒன்று. எந்த ஷிப்ட் முடிந்து வந்தாலும், சட்டையைக் கழற்றும் முன் பாட்டிலை ஒருமுறை நன்றாகக் குலுக்கி வையுங்கள்.

இரண்டாம் மூன்றாம் நாளே துண்டுகள் சாறு விட்டு மிதக்கும். ஒரு வாரத்தில் தோலின் பளபளப்பு போய் நிறம் மங்கும். இரண்டு வாரம் தாண்டினால் விரலால் நசுக்கும் பதத்துக்கு வந்துவிடும். நீங்கள் ஒன்றும் செய்யாமலே உங்கள் ரூமில் தினமும் ஏதோ ஒன்று மாறிக்கொண்டிருக்கும். தனியாக இருக்கிற ஆளுக்கு அது சின்ன விஷயம் இல்லை. கடைசியில் மிளகாய்த்தூள், வறுத்துப் பொடித்த வெந்தயம், பெருங்காயம் சேர்த்து, நல்லெண்ணெய் காய்ச்சிக் கடுகு தாளித்து ஊற்றுங்கள்.

பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியச் சாப்பாடு, ஊறுகாய் உடனே கொடுக்க மாட்டார்கள் என்று உங்கள் மாமியார் சொல்வார். சொல்லட்டும். ஊறுகாய்க்கும் அவசரம் இல்லை, நாள் ஆக ஆகத்தான் அதற்கு ருசி.

புத்தகம் படித்தால் பொழுது போகும் என்கிறார்கள். இரண்டு பக்கத்துக்கு மேல் எனக்கு ஓடவில்லை.
வாசகி, பாடி

தினம் இரண்டு பக்கம் படியுங்கள். யாரும் பரீட்சை வைக்கப் போவதில்லை.

டேங்க் பேக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மகளின் பிரசவத்துக்காக என் மனைவி நியூஜெர்சி போயிருக்கிறாள். ஆறு மாதம் கழித்துத்தான் வருவாள். சமையல் எனக்கு வரும், உடம்பும் பரவாயில்லை. ஆனால் சாயங்காலம் ஏழு மணிக்கு அவளுடைய வீடியோ கால் வரும்வரை கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். கம்ப்யூட்டரில் தமிழ் டைப் செய்யத் தெரியும்.
வாசகர், திருமுல்லைவாயில்

ஐயா, கடைசி வரியை எழுதினீர்களே, அதற்காகவே உங்களுக்குக் கை கொடுக்க வேண்டும். உங்களைப் போன்றவர்களுக்காகத் தமிழில் ஒரு பெரிய வேலை காத்திருக்கிறது.

1998 பொங்கல் அன்று மதுரைத் திட்டம் தொடங்கியது. சுவிட்சர்லாந்தில் இருந்த கு. கல்யாணசுந்தரம் முன்னின்று நடத்த, உலகம் முழுக்கச் சிதறிக் கிடந்த தமிழர்கள் வேலை நேரம் போக மிச்ச நேரத்தில் சங்க இலக்கியத்தையும் திருமுறைகளையும் தட்டச்சு செய்து இணையத்தில் ஏற்றினார்கள். கூலி கிடையாது. இன்றைக்கு ஒரு பழம்பாடலை நாம் கணினியில் தேடி எடுக்க முடிகிறதென்றால் அவர்கள் விரல் பட்ட இடம் அது.

அந்த வழியில் இப்போது விக்கிமூலம் இருக்கிறது. நாட்டுடைமையான நூல்களையும் காப்புரிமை முடிந்த நூல்களையும் பக்கம் பக்கமாகப் படமெடுத்துப் போட்டிருக்கிறார்கள். படத்திலிருந்து எழுத்தை இயந்திரம் பிரித்துத் தருகிறது, ஆனால் தப்புத் தப்பாக. காலை 'ர' என்று படிக்கும், 'ர'வைக் கால் என்று படிக்கும். 'ன'வும் 'ண'வும் இடம் மாறும். பழைய அச்சில் புள்ளி தேய்ந்திருந்தால் மெய்யெழுத்தை உயிர்மெய் ஆக்கிவிடும். திரையில் ஒரு பக்கம் மூல நூலின் படம், மறுபக்கம் இயந்திரம் தந்த எழுத்து. இரண்டையும் ஒப்பிட்டுத் திருத்த வேண்டும். திருத்தி முடித்தால் அந்தப் பக்கத்தின் குறி மஞ்சளாகும். பிறகு வேறொருவர் சரிபார்த்தால் பச்சை. ஒருவரே இரண்டையும் செய்ய முடியாது. அதனால் உங்கள் மஞ்சளைப் பச்சையாக்க எங்கோ ஒருவர் வருவார், இன்னொருவரின் மஞ்சளை நீங்கள் பச்சையாக்குவீர்கள். முகம் தெரியாத கூட்டாளி.

தொழிற்சாலையில் அளவு பார்த்து, நூலிழை தப்பினாலும் திருப்பி அனுப்பிய கண் உங்களுடையது. அந்தக் கண்தான் இதற்குத் தேவை. பிடித்தமான ஒரு பழைய நூலை எடுத்துக்கொண்டு ஒரு நாளைக்கு ஒரு பக்கம் செய்யுங்கள். ஐந்தரைக்கு உட்கார்ந்தால், அம்மா அங்கே காலைக் காபியோடு திரைக்கு வரும்போது நீங்கள் அன்றைய பக்கத்தை அவருக்கு வாசித்தே காட்டலாம்.

தையல் மிஷின் வாங்கினேன், கீபோர்டு வாங்கினேன், பெயின்ட் பாக்ஸ் வாங்கினேன். மூன்றும் பரணில் இருக்கின்றன. இப்போது அவர் ஆறு மாத ப்ராஜெக்ட்டுக்காக ஜெர்மனி போகிறார். அடுத்து என்ன வாங்கலாம்?
வாசகி, முகப்பேர்

எதுவும் வாங்காதீர்கள். பரணிலிருந்து ஒன்றை இறக்குங்கள். எதை இறக்குவது என்று குழம்பினால் எது கனம் குறைவோ அதை.

சங்க காலத் தலைவிக்கும் இதே கஷ்டம்தானே? அவள் என்ன செய்தாள்?
தமிழாசிரியை, கொரட்டூர்

டீச்சர், உங்களுக்குத் தெரியாததா? ஆனாலும் கேட்டதற்கு நன்றி. அவள் சுவரில் கோடு போட்டு நாள் எண்ணினாள். அந்தக் கோடுகளைத் தொட்டுத் தொட்டு விரலே தேய்ந்தது என்கிறது 1261ஆம் குறள். கூடல் இழைத்தும் பார்த்தாள். கண்ணை மூடிக்கொண்டு மணலில் வட்டம் வரைய வேண்டும், இரண்டு முனையும் சேர்ந்தால் அவன் வருவான். ஆண்டாள் நாச்சியார் திருமொழியில் ஒரு பதிகம் முழுவதையும் அந்தக் கூடலுக்கே கொடுத்திருக்கிறாள்.

பாட்டாகப் படிக்க உருக்கமாக இருக்கிறது. வாழ்ந்து பார்க்கிறவளுக்கு அது கொடுமை. நாளை எண்ணினால் நாள் நகராது. காலண்டரில் தேதியை அடிக்கிற பழக்கம் உள்ள எந்தப் பெண்ணுக்கும் நான் சொல்வது, அந்த விரலுக்கு வேறு வேலை கொடுங்கள்.

கணவர் துபாயில். பக்கத்து வீட்டு அக்காவோடு வாரத்தில் இரண்டு நாள் பருத்திப்பட்டு ஏரிக்கு நடக்கப் போவேன். அங்கே பறவைகளைப் பார்ப்பது எனக்கு ரொம்பப் பிடிக்கும். "புருஷன் ஊரில் இல்லாதவளுக்கு ஏரிக்கரையில் என்ன வேலை?" என்கிறார் மாமியார்.
வாசகி, ஆவடி

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் செய்வதில் தப்பு எள்ளளவும் இல்லை. காத்திருப்பது என்றால் வாசற்படியில் உட்கார்ந்திருப்பது என்று யாரோ ஒரு காலத்தில் முடிவு செய்துவிட்டார்கள். வெளியூரில் சம்பாதிக்கிற ஆணிடம், "பெண்டாட்டி பக்கத்தில் இல்லாதவனுக்குக் கிரிக்கெட் எதற்கு?" என்று யாரும் கேட்பதில்லை. உங்களிடமும் கேட்க வேண்டியதில்லை.

இதை மாமியாரிடம் சண்டையாகச் சொல்ல வேண்டாம். "அத்தை, நீங்களும் வாங்க" என்று கூப்பிடுங்கள். 2019இல் சீரமைத்துத் திறந்த பிறகு அந்தக் கரையில் நடைபாதை இருக்கிறது, வயதானவர்களும் தடுமாறாமல் நடக்கலாம். அவர் கிராமத்தில் வளர்ந்தவர் என்றால் உங்களைவிட அவருக்குப் பறவை தெரியும். நீங்கள் போனில் பெயர் தேடுவதற்குள் "இது மடையான், அது முக்குளிப்பான்" என்று சொல்லிவிடுவார். மடையானை உட்கார்ந்திருக்கும்போது பாருங்கள், சேற்று நிறத்தில் இருப்பதே தெரியாது. பறந்தால் சிறகு வெள்ளை வெளேரென்று விரியும், இத்தனை நேரம் இது எங்கே இருந்தது என்று திகைப்பீர்கள். முக்குளிப்பான் முங்கினால் எந்த இடத்தில் எழும் என்று அத்தையோடு பந்தயம் கட்டுங்கள். கூழைக்கடா வந்து இறங்கினால் பெயர் சொல்ல யாரும் வேண்டாம், கழுத்துப் பையே சொல்லிவிடும். அக்டோபரிலிருந்து மார்ச் வரை வலசைப் பறவைகளும் சேர்ந்துகொள்ளும்.

ஒரு நோட்டில் தேதி போட்டு, பார்த்ததை எழுதி வையுங்கள். எழுத்து உங்களுடையதாக இருக்கட்டும், பெயர் சொல்வது அத்தையாக இருக்கட்டும். அடுத்த வாரம் அவரே செருப்பு மாட்டிக்கொண்டு நிற்பார்.

எங்கள் அபார்ட்மென்ட்டில் வாசல் என்பதே கதவுக்கு முன்னால் இரண்டடிதான். கோலம் போடுவதுதான் எனக்குத் தெரிந்த ஒரே கலை. கணவர் கப்பலில் வேலை பார்க்கிறார். இரவுகள் நீளமாக இருக்கின்றன.
வாசகி, நொளம்பூர்

நோட்டில் போடுங்கள் அம்மா. கட்டம் போட்ட கணக்கு நோட்டும் பென்சிலும் போதும். தரையில் போடும்போது அவசரம் இருக்கும். நோட்டில் யோசிக்க இடம் இருக்கும்.

சிக்குக் கோலத்தில் ஒரு சோதனை செய்து பாருங்கள். மூன்று வரிசை, வரிசைக்கு நாலு புள்ளி. பக்கத்துப் பக்கத்துப் புள்ளி ஒவ்வொன்றுக்கும் நடுவில் கோடு குறுக்கே வெட்டிப் போகும்படி வளைத்து வளைத்து வாருங்கள். எல்லாப் புள்ளியையும் சுற்றி, ஒரே கோடாகத் தொடங்கிய இடத்துக்கே வந்து சேரும். இப்போது நாலு வரிசை, நாலு புள்ளி. ஒரே கோடு வராது, நாலு தனித்தனிக் கோடுகள் வரும். நாலுக்கு ஆறு என்றால் இரண்டு. ஏன்? இரண்டு எண்ணையும் மீதியின்றி வகுக்கிற மிகப்பெரிய எண் எதுவோ அத்தனை கோடு. பள்ளிக்கூடத்தில் மீப்பெரு பொது வகுத்தி என்று படித்தோமே, அதுவேதான். நம் பாட்டிமார் வகுத்தி தெரியாமலே எந்தப் புள்ளிக்கு ஒற்றைக் கோடு வரும் என்று விரல் நுனியில் வைத்திருந்தார்கள்.

இது விளையாட்டுப் பேச்சு இல்லை. தாம்பரம் சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும் அவரோடு இருந்தவர்களும் 1970களில் கோலங்களை எடுத்து ஆராய்ந்து, கணினி அறிவியலில் பட இலக்கணம் பற்றிய கட்டுரைகளாக எழுதினார்கள். அவர்களுக்கு மூலப்பொருள் தந்தது வீட்டு வாசல்கள். இரவு ஒரு பக்கம் போடுங்கள். கப்பலிலிருக்கும் அவருக்குப் படம் எடுத்து அனுப்பி, எத்தனை கோடு என்று கேளுங்கள். பதில் வர எத்தனை நாள் ஆனாலும் கணக்கு மாறாது.

ஒரு பைசா செலவில்லாத பொழுதுபோக்கு?
வாசகர், திருநின்றவூர்

உங்கள் ஊர்க்காரரைக் கேளுங்கள். பூசலார் நாயனாரிடம் காசில்லை. மனசுக்குள்ளேயே கல் தேடி, நாள் பார்த்து, அடித்தளம் போட்டு, சிகரம் வைத்து, கிணறும் வெட்டிக் கோயில் கட்டினார். காஞ்சியில் பல்லவ மன்னன் கட்டிய கற்கோயிலின் குடமுழுக்கு நாளைச் சிவபெருமான் தள்ளிப் போடச் சொன்னது இந்தக் கோயிலுக்காக என்கிறது பெரிய புராணம். இருதயாலீசுவரர் கோயில் உங்களுக்கு நடக்கிற தூரம்தான்.

அவர் வெளிநாட்டில் இருப்பதால் எனக்கு நேரம் நிறைய இருக்கிறது. அது யாருக்காவது பயன்பட்டால் நல்லது என்று தோன்றுகிறது.
வாசகி, பூந்தமல்லி

பூந்தமல்லியிலேயே பார்வையற்ற மாணவர்களுக்கான அரசுப் பள்ளியும், பார்வைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனத்தின் மண்டல மையமும் இருக்கின்றன. நேரில் போய்க் கேளுங்கள். வாசித்துக் காட்டவும், பாடத்தைப் பதிவு செய்து தரவும், தேர்வில் மாணவர் சொல்லச் சொல்ல எழுதவும் எப்போதும் ஆள் தேவைப்படும். தேர்வு எழுதப் போவதாக இருந்தால் ஒன்று நினைவிருக்கட்டும். அவர் சொல்வதை மட்டும் எழுத வேண்டும், தப்பாகச் சொன்னாலும் திருத்தக் கூடாது. ஒப்புக்கொண்ட நாளில் கண்டிப்பாகப் போய் நிற்க வேண்டும். உங்கள் ஒரு நாள் வராமை அந்தப் பிள்ளைக்கு ஒரு வருஷம்.

நீங்கள் சொல்வது எதுவும் எனக்கு ஒட்டவில்லை. அவர் போனதிலிருந்து சரியான தூக்கமில்லை, சோறு இறங்கவில்லை, பிடித்த பாட்டுகூடப் பிடிக்கவில்லை. ஒரு மாதம் ஆகிறது.
பெயர் வேண்டாம், பட்டாபிராம்

தங்கச்சி, உங்களுக்கு இப்போது பொழுதுபோக்கு தேவையில்லை, ஒரு டாக்டர் தேவை. இரண்டு வாரத்துக்கு மேல் இப்படி இருந்தால் அதை ஏக்கம் என்று விட்டுவிடக் கூடாது, மருத்துவரிடம் காட்ட வேண்டும். காய்ச்சலுக்குப் போவது போலத்தான் இதற்கும் போக வேண்டும், வெட்கப்பட ஒன்றும் இல்லை. இன்றைக்கே 14416 என்ற டெலி-மானஸ் எண்ணுக்கு அழையுங்கள். இலவசம், எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். அவரிடமும் மறைக்காமல் சொல்லுங்கள். தூரத்தில் இருப்பவர் கவலைப்படுவாரே என்று நீங்கள் ஒளிப்பதுதான் உங்களை இன்னும் தனியாக்குகிறது. நலமானதும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள், காத்திருப்பேன்.

ஏரிக்கரைக் கேள்வி கேட்ட ஆவடி வாசகிதான். துபாயில் இருக்கும் அவரும் நானும் சேர்ந்து செய்கிற மாதிரி ஏதாவது உண்டா?
வாசகி, ஆவடி

உங்கள் பறவை நோட்டிலேயே உண்டு. பொங்கல் நாட்களில் தமிழ்நாடு முழுக்கப் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கும். குறைந்தது பதினைந்து நிமிடம் ஓரிடத்தில் நின்று, கண்ணில் பட்ட பறவைகளை எண்ணி 'இ-பேர்ட்' தளத்தில் ஏற்ற வேண்டும். மொட்டை மாடியே போதும். அந்தத் தளத்தில் உலகத்தின் எந்த ஊரிலிருந்தும் பட்டியல் போடலாம், ஆகவே அவரும் அதே பதினைந்து நிமிடத்தில் தன் ரூம் ஜன்னலில் நின்று எண்ணட்டும். பாலைவனத்தில் என்ன இருக்கும் என்று நினைக்காதீர்கள். மைனா, பச்சைக்கிளி, சிட்டுக்குருவி, நம் கொண்டைக்குருவி எல்லாம் துபாயிலும் இருக்கின்றன.

ஆவடியில் எட்டே முக்கால் என்றால் அங்கே ஏழேகால், ஜனவரியிலும் விடிந்திருக்கும். அவரை எழுப்பிவிடுவது உங்கள் பொறுப்பு.